ரத்தத்தில் அமினோ அமிலம் கூடினால் பருப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 44. மும்பை செம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸில் கணக்குப் பிரிவில் வேலை. சுத்த சைவம், சிகரெட், மது இரண்டும் இல்லை. உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ, பேன்ட் அளவு 34. ஆபீஸில் நடந்த மருத்துவ முகாமில் 'அமினோ அமிலப் பரிசோதனை'யும் பேக்கேஜில் சேர்த்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின் நான்கும் அதிகம், கிளைசின் குறைவு என்று சிவப்பில் வந்திருக்கிறது. ஹோமோசிஸ்டீன் 29. வெறும் வயிற்றில் சர்க்கரை 108, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 5.9, ட்ரைகிளிசரைடு 218, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 138, ரத்த அழுத்தம் 134/86. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். அம்மாவுக்குச் சர்க்கரை. இந்த அமினோ அமிலங்கள் புரதத்திலிருந்து வருபவை, கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து பருப்பு, தயிர், பனீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது ரசம் சாதம், உருளைக்கிழங்கு கறி, அப்பளம்தான். ஆனால் ஜிம்முக்குப் போகும் என் 19 வயது மகன் அதே லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் சேர்ந்த பி.சி.ஏ.ஏ.வைப் பவுடராக வாங்கிக் குடிக்கிறான்! மைத்துனர் வேறு, இதயத்துக்கு நல்லது என்று ஆர்ஜினைன் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். காலையில் வாயுத் தொல்லைக்குப் பேன்டோபிரசோல் மட்டும் நாலைந்து வருடமாகப் போடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் பருப்பைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இன்று ராத்திரியே. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் பருப்பையும் தயிரையும் எடுத்த இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே கூடுதல் சாதமும் உருளைக்கிழங்கும் அப்பளமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சர்க்கரை 108-இல், ட்ரைகிளிசரைடு 218-இல் நிற்கும் ஒருவர் செய்யவே கூடாத மாற்றம் இதுதான். பயத்தில் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் திசை தலைகீழாகப் போய்விட்டது.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், கிளைசின் ஒரு கதை. ஹோமோசிஸ்டீன் இன்னொன்று. அதுவும் அமினோ அமிலம்தான் என்பதால் ஒரே தாளில் அச்சாகி வருகிறது, அவ்வளவுதான்.

முதல் கதை. லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றையும் நம் உடம்பு தயாரிக்காது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மற்ற அமினோ அமிலங்களில் பலவற்றைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றையும் பெரும்பாலும் தொடாமல் அனுப்பிவிடும். தசைதான் இவற்றை எடுத்து எரிக்கிறது. கொழுப்புத் திசுவுக்கும் அதில் பங்கு உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இந்த எரிப்பு மந்தமாகிறது. போதாததற்கு, தசைப் புரதம் அளவுக்கு மீறிக் கரையாமல் இன்சுலின் போட்டிருக்கும் தடையும் தளர்கிறது. எனவே இவை ரத்தத்தில் தேங்குகின்றன. சாயங்காலம் ஏழு மணிக்குக் குர்லா ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டி இரண்டு ரத்தானால் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மும்பையில் ஆள் கூடிவிட்டதாக யாரும் நினைப்பதில்லை, வண்டி வரவில்லை என்றுதான் சொல்கிறோம்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்த பிறகு எடுத்த ரத்தத்தில் இவை கூடுதலாக இருந்தால், முந்தின நாள் சாப்பிட்ட சாம்பாரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, என்று சந்தேகப்பட வேண்டும். கிளைசின் குறைந்திருப்பதும் அதோடு சேர்ந்து வருகிற அடையாளம்தான். அதற்காகக் கிளைசின் மாத்திரை தேடிப் போகாதீர்கள்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. உடல் பருமனானவர்களின் ரத்தத்தில் இந்த அமினோ அமிலங்கள் கூடியிருப்பதையும், அது அவர்களுடைய இன்சுலின் அளவோடு ஒத்துப்போவதையும் 1969-லேயே பாஸ்டன் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பிறகு 2011-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலிருந்து வந்த தகவல்தான் இந்தப் பரிசோதனையைப் பிரபலமாக்கியது. சர்க்கரை சரியாக இருந்த 2,422 பேரை 12 ஆண்டுகள் கவனித்தார்கள், 201 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அவர்களுடைய பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது உங்கள் தாளில் சிவப்பில் இருக்கும் அதே நான்கும், கூடவே ஃபினைல்அலனின் என்ற இன்னோர் அமினோ அமிலமும், நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உயர்ந்திருந்தன. நம்மவர்களைப் பொறுத்தவரை லண்டனில் செய்த சேப்ரே ஆய்வு இன்னும் நெருக்கமானது. மேற்கு லண்டனில் குடியேறிய தெற்காசிய ஆண்களையும் ஐரோப்பிய ஆண்களையும் 19 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பின்னாளில் சர்க்கரை நோய் வருமா என்பதை டைரோசின் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது. உங்கள் டைரோசின் உயர்ந்திருப்பதை நான் அலட்சியம் செய்யமாட்டேன்.

நீங்கள் பார்த்த வீடியோ எதிலிருந்து கிளம்பியது என்பது எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. 2009-இல் வந்த ஓர் எலி ஆய்வு. கொழுப்பு மிகுந்த தீனியோடு இந்த மூன்று அமினோ அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்த எலிகள், கொழுப்புத் தீனி மட்டும் தின்றவற்றைவிடக் குறைவாகத் தின்றும், எடை குறைவாக ஏறியும், அதே அளவு இன்சுலின் எதிர்ப்பில் மாட்டிக்கொண்டன. பயமுறுத்த வசதியான செய்தி. அதே கட்டுரையில் இன்னொரு கூண்டும் உண்டு. சாதாரணத் தீனியோடு இவற்றைச் சேர்த்துத் தின்ற எலிகளுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. வீடியோக்காரர்கள் இந்தக் கூண்டை எட்டிப் பார்ப்பதில்லை. மரபணு ஆய்வுகளைப் பார்த்தால், இன்சுலின் எதிர்ப்புதான் அமினோ அமிலத்தை ஏற்றுகிறது என்று சிலவும், அமினோ அமிலச் சிதைவில் உள்ள கோளாறே நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று சிலவும் சொல்கின்றன. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கிறது என்பதே என் எண்ணம். எப்படிப் பார்த்தாலும் பருப்பை நிறுத்தச் சொல்ல அதில் இடமில்லை.

உண்மையில் இந்தப் பரிசோதனை இல்லாமலேயே உங்கள் நிலைமையைச் சொல்லிவிடலாம். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியிருக்கிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 40-க்குக் கீழே, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேலே, ஹெச்பிஏ1சி சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமான 5.7-6.4-க்குள். விலை குறைந்த பரிசோதனைகள் கத்திச் சொன்னதையே விலை உயர்ந்த பரிசோதனை மெதுவாகத் திரும்பச் சொல்கிறது.

பேன்ட் அளவு 34 என்று எழுதியிருக்கிறீர்கள். இடுப்புச் சுற்றளவுக்குப் பேன்ட் அளவைச் சொல்வது என் கிளினிக்கில் தினமும் நடக்கிற சங்கதி. பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, பல வருடமாக 34-தான் டாக்டர் என்பார்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், தையல் டேப்பால் அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. ஆண்களுக்கு நம் நாட்டில் 90 செ.மீ. எல்லை. நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு 25.2 வருகிறது. வெளிநாட்டு அட்டவணையில் இது எல்லைக்கோட்டில் நிற்கிற எண். இந்தியர்களுக்கான அளவில் 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25-இல் உடல் பருமன். ஏன் நமக்கு மட்டும் தனி அளவு என்றால், பூனாவின் டாக்டர் யாக்னிக் 2004-இல் வெளியிட்ட ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். அவரும் பிரிட்டிஷ் சகா ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. அந்த வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2.

அப்படியே கண்ணாடி முன் நின்று பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்து, சின்னச் சின்ன மருக்களோடு இருந்தால் அது இன்சுலின் எதிர்ப்பின் முத்திரை. சங்கிலி உராய்ந்தது, வியர்வை, அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. தேய்த்தால் போகாது. இடுப்பு குறைந்தால் மெல்ல வெளிறும்.

இனி ஹோமோசிஸ்டீன். பொதுவாக 15 வரை சரி என்பார்கள், உங்களுக்கு 29. முகாமில் எடுத்த ரத்தம் என்பதால் ஒரு சந்தேகம். குழாயில் இருக்கும் ரத்தத்தைச் சீக்கிரம் பிரித்தெடுக்காமல் வைத்திருந்தால் அணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் வெளியே வந்துகொண்டே இருக்கும், அளவு பொய்யாக ஏறும். ஆபீஸ் மாநாட்டு அறையில் எட்டு மணிக்கு எடுத்து, மதியம் வரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்களா, ஐஸில் வைத்தார்களா என்பது நமக்குத் தெரியாது. லேபுக்கே நேரில் போய் ஒருமுறை திரும்பக் கொடுங்கள்.

ஆனாலும் முழுக்க அதன் மேல் பழி போட எனக்கு மனமில்லை. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய பேன்டோபிரசோல்தான் காரணம். சைவச் சாப்பாட்டில் பி12 கிடைப்பது பாலிலும் தயிரிலும் பனீரிலும் மட்டும்தான். அதைச் சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். நீங்கள் நாலைந்து வருடமாக அமிலத்தைத் தினமும் அடக்கி வைத்திருக்கிறீர்கள், இப்போது பாலும் தயிரும் வரும் வழியையும் அடைத்துவிட்டீர்கள். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீனை அடுத்த பொருளாக மாற்றும் வேலை மந்தமாகும். பி12 அளவைக் கட்டாயம் பாருங்கள், கூடவே கிரியேட்டினினும் தைராய்டும். சிறுநீரகம் சரியில்லை என்றாலும் தைராய்டு குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். முடிவு வருவதற்குள் மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிப் போட வேண்டாம். பி12 குறைவினால் வரும் ரத்தசோகையை அது மறைத்துவிடும், உள்ளே நரம்பு கெடுவது கெட்டுக்கொண்டே இருக்கும். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் ஏதாவது உண்டா என்றும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேன்டோபிரசோலை நீங்களாகப் பட்டென்று நிறுத்தாதீர்கள், சில நாள் அமிலம் எகிறி அடிக்கும். எதற்காக ஆரம்பித்தது, இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற வழக்கம் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது நரம்புக்கும் ரத்தத்துக்கும் அவசியம். அதனால் மாரடைப்பு வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹோமோசிஸ்டீனுக்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1969-இல் அமெரிக்க மருத்துவர் மெக்கல்லி சொன்னபோது எடுபடவில்லை. பிறகு எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2006-இல் ஹோப்-2 ஆய்வின் முடிவு வந்தது. 5,522 பேரில் ஒரு பாதிக்கு ஃபோலிக் அமிலமும் பி6-உம் பி12-உம் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. நார்வேயிலும் அதே ஆண்டு இதே கதை.

மைத்துனர் கொடுத்த ஆர்ஜினைன் பாக்கெட்டுகளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆர்ஜினைனும் ஓர் அமினோ அமிலம்தான். அதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகிறது, அது ரத்தக்குழாயை விரிக்கும், இதுவரை சரி. அதை நம்பித்தான் மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உங்களுக்கு மாரடைப்பு வந்ததில்லை, அதனால் அதே ஆபத்து உங்களுக்கும் என்று சொல்லமாட்டேன். பயனில்லாத ஒன்றை எதற்குக் குடிக்க வேண்டும்?

அப்பா 52-இல் போனது எனக்கு உங்கள் அமினோ அமிலத் தாளைவிடப் பெரிய செய்தி. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, ஆண்களுக்கு வரும் முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது அம்சங்களில் அடக்கிக் காட்டியது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்-பழம் குறைவு, உடற்பயிற்சியின்மை, மதுப் பழக்கம். எல்லாம் உங்கள் கைக்கு எட்டுகிறவை. ஆகவே கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 138-ஐயும் அழுத்தம் 134/86-ஐயும் பற்றி மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். குடும்பத்தில் இப்படி ஒரு மரணம் இருப்பதால் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒருவகைக் கொழுப்புத் துகளுக்கான பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளலாம். பெரும்பாலும் பரம்பரையாகவே வருவது அது, வருடா வருடம் பார்க்கத் தேவையில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா என்பதை இவற்றை வைத்து அவர் முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால் பயப்படாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்ன புரத அளவு, கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு நாளைக்குச் சுமார் 59 கிராம். ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக முடியாது. மதியமும் இரவும் கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்பு அல்லது கூட்டு, ஒரு கிண்ணம் தயிர், சாயங்காலம் சுண்டல். மும்பையில் இருப்பதன் லாபம், மட்கி உசல் (முளைகட்டிய பயறு மசாலா) எங்கேயும் கிடைக்கும். கூட வரும் பாவ் ரொட்டியைத் தள்ளிவிட்டு உசலை மட்டும் சாப்பிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பனீர் 80-100 கிராம் போதும், நெய்யில் மிதக்கும் ஓட்டல் பனீர் கணக்கில் வராது. சாதம் இப்போது போடுகிறதில் பாதி. முதலில் காயும் பருப்பும், கடைசியில் சாதம் என்று சாப்பிட்டுப் பழகினால் பாதியே போதும் என்று தெரியும். பாலிஷ் அரிசியை மாற்றிக் கம்போ ராகியோ போடுவது நல்லதுதான், ஆனால் ராகிக் களியையும் குண்டான் நிறையச் சாப்பிட்டால் லாபமில்லை.

தசைக்கு வேலை கொடுங்கள். இந்த அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் எரிக்கிற இடம் அதுதான். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. டயமண்ட் கார்டனைச் சுற்றி நண்பர்களோடு அரட்டையடித்துக்கொண்டு நடப்பதை நடை என்று சேர்க்காதீர்கள், மூச்சு சற்று வாங்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் பில்டிங் வளாகத்திலேயே நடந்தாலும் அந்த வேளைச் சர்க்கரை இறங்கும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து 2006-இல் காட்டிவிட்டது. உங்களைப்போல் எல்லையில் நின்றவர்களைச் சும்மா விட்டபோது மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு, 40.5. உங்களுக்கு ஐந்து கிலோ குறைந்தால் போதும். அமினோ அமிலங்களும் கூடவே இறங்கும்.

மகன் விஷயம். 19 வயதில் எடை தூக்குகிற ஆரோக்கியமான பையனுக்குப் பி.சி.ஏ.ஏ. பவுடரால் சர்க்கரை வந்துவிடாது. அதனால் தசை கூடும் என்றும் சொல்லமாட்டேன். தசை கட்ட அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ஒன்பதும் வேண்டும், மூன்றை மட்டும் கொட்டி என்ன பயன்? பாலும் பருப்பும் தயிரும் சோயாவும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒன்பதும் வந்துவிடும். தசைக்காகப் புரதப் பவுடர் குடிப்பதைத் தவிர்க்கவே 2024-இல் ஐ.சி.எம்.ஆரின் உணவு வழிகாட்டியும் சொல்லியிருக்கிறது. அந்த டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பனீர் வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், சண்டை போடாதீர்கள். நீங்கள் மட்டும் 'மீதியை வீணாக்குவானேன்' என்று அதைக் குடித்துவிடாதீர்கள். அவனுக்கும் தாத்தா, பாட்டி இருவர் வழியிலும் இதயமும் சர்க்கரையும் வருவதால், ஒருமுறை கொழுப்பும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

பி12, கிரியேட்டினின், தைராய்டு, ஹோமோசிஸ்டீன் நான்கையும் இந்த வாரமே கொடுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., இடுப்பளவு. அமினோ அமிலப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம். நடக்கும்போதோ ஸ்டேஷன் படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, புதிதாக மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் மூன்று மாதம், ஒரு வாரம் என்றெல்லாம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். வாயு என்று நினைத்துப் பேன்டோபிரசோல் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம்.